ராத்திரி அப்டேட், காலையில் வேறு வண்டி: உங்களுக்கு என்ன நடந்தது?

ஒற்றைப்பெடல்

மின்சார வண்டிக்கு வரும் மென்பொருள் அப்டேட் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த இதைத் தொடங்கவில்லை. ஒரு விஷயம் மனசில் முள்ளாகக் கிடக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

ரீஜென்னை, அதாவது காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குக் கரண்ட் அனுப்பும் வசதியை, அதிகபட்சத்தில் வைத்து ஒரே பெடலில் ஓட்டுகிற ஆள் நான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி எங்கே போய் நிற்கும் என்பதை யோசிக்கவே வேண்டாம், கால் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். ராத்திரி அப்டேட் இறங்கியிருக்கிறது. காலையில் திரையில் "செயல்திறன் மேம்பாடுகள், பிழைத்திருத்தங்கள்" என்று ஒரே வரி. சரி என்று தட்டிவிட்டுக் கிளம்பினேன்.

முதல் சிக்னல். முன்னால் ஒரு பைக், பின்சீட்டில் இருந்தவர் முதுகில் சிவப்புப் பை. வழக்கமான இடத்தில் காலை எடுத்தேன். வேகம் குறைந்தது, ஆனால் கடைசியில் வண்டியைப் பிடித்து நிறுத்துமே, அந்தப் பிடி இல்லை. ஆள் நடக்கிற வேகத்தில் உருண்டுகொண்டே போகிறது. பையின் ஜிப்பில் தொங்கிய சின்னக் கயிறு வரைக்கும் தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன், நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை, பைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், காலை எடுத்தால் "நிற்கவும்" என்று நான் வைத்திருந்தது "உருளவும்" என்று மாறியிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, "மறுபடி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் சார், அவ்வளவுதான்" என்றார்கள். அவ்வளவுதானா?

மழைக்கண்ணாடி

எனக்குப் பெடல் இல்லை, கண்ணாடி. நல்ல மழை, பக்கத்தில் அம்மா. முன் கண்ணாடியில் உள்பக்கம் மூட்டம் பிடிக்க ஆரம்பித்தது. மூட்டத்தைப் போக்கும் பட்டன் திரையில் இடது கீழ் மூலையில் இருக்கும், பார்க்காமலே கை போகும். கை போனது, அங்கே பாட்டு மாற்றும் பட்டன் இருந்தது. முந்தின நாள் அப்டேட்டில் கீழ் வரிசையையே மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். நான் அழுத்த அழுத்தப் பாட்டு மாறுகிறது, கண்ணாடி வெளுத்துக்கொண்டே வருகிறது. அம்மா முந்தானையால் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஓரம்கட்டி நிறுத்தித்தான் தேடினேன். இரண்டு மெனு உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. புதிய தோற்றம் அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

வேகச்சார்ஜ்

மேலே இருவரும் சொன்னது நடந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதிரி திரிகளில் புலம்பல் மட்டும்தான் சேரும், அதனால் மறுபக்கமும் வரட்டும்.

என் வண்டி வாங்கும்போது குளிர்காலத்தில் வேகச் சார்ஜரில் போட்டால் ஆமை வேகம்தான். பேட்டரி குளிர்ந்து கிடந்தால் அது அதிக கரண்ட்டை வாங்காது, செல்களைக் காப்பாற்ற வண்டியே மறுத்துவிடும். பிறகு ஓர் அப்டேட்டில், சார்ஜரை மேப்பில் இலக்காகப் போட்டாலே வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும் வசதி வந்தது. அது வந்த பிறகு முதல் தடவை சொருகிவிட்டு, பழக்க தோஷத்தில் கதவைச் சாத்தி சீட்டைச் சாய்த்தேன். திரையில் கிலோவாட் எண் ஏறுகிறது, ஏறுகிறது, நிற்கவே இல்லை. இறங்கிப் போய் சார்ஜரின் திரையையும் பார்த்தேன், அங்கேயும் அதே எண். ஒரு ஸ்குரூகூட மாற்றாமல் அதே வண்டி!

2018-இல் நடந்ததையும் நினைவுபடுத்துகிறேன். டெஸ்லா மாடல் 3 மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்தது என்று அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதித்துச் சொல்லி, பரிந்துரைக்க மறுத்தது. சில நாட்களில் காற்றுவழியே, அதாவது இணையம் மூலமாகவே, அப்டேட் போனது, மறுசோதனையில் 133 அடி. பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஒவ்வொன்றாக வொர்க்‌ஷாப்புக்கு இழுத்திருக்க வேண்டும். பட்டன் இடம் மாறியதற்காக அப்டேட்டையே குறை சொல்வது நியாயமா?

நூறுசதம்

வேகச்சார்ஜ், பட்டன் இடம் மாறியதற்காக யாரும் அழவில்லை. மழையில் கண் தெரியாமல் ஓட்டியதைச் சொன்னார் அவர். மறுபடி படியுங்கள்.

என் கதை: ராத்திரி நூறு சதவீதம் ஏற்றினால் காலையில் காட்டும் ரேஞ்ச், அதாவது அந்தச் சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்ற எண், எனக்கு மனப்பாடம். அப்டேட்டுக்கு மறுநாள் அதே நூறு, பக்கத்தில் எண் மட்டும் கணிசமாகக் குறைவு. சார்ஜர் வயரைக் கையில் பிடித்தபடி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டால், "கணிப்பு முறை துல்லியமாகியிருக்கிறது" என்றார்கள். அதாவது முன்பு பொய் சொன்னோம், இப்போது உண்மை சொல்கிறோம் என்று அர்த்தமா? அல்லது பேட்டரியின் மேல் வரம்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டு அதற்குப் பெயர் துல்லியமா? வெளியே இருந்து பார்க்கிற எனக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் 2018 சொன்னீர்கள், நான் 2019 சொல்கிறேன். அதே டெஸ்லா, பழைய மாடல் எஸ் வண்டிகள் சிலவற்றில் அப்டேட் வழியாகவே பேட்டரியின் உச்ச வோல்டேஜைக் குறைத்தது. உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2021-இல் 15 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது, தலைக்கு 625 டாலர். கொடுக்கிற வழியும் எடுக்கிற வழியும் ஒன்றுதான்.

பொறுமைசாலி

எனக்கு ஒரு தடவை அப்டேட் பாதியில் நின்று, மறுநாள் தானாகவே முடிந்தது. பெரிய கதை ஒன்றும் இல்லை. ஆனால் திரியைப் படித்தால் பலர் அடிப்படையே தெரியாமல் அப்டேட் போடுகிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தாலும், அப்டேட் நடக்கும்போது கம்ப்யூட்டர்களுக்குக் கரண்ட் கொடுப்பது இந்தச் சின்னப் பேட்டரிதான். பல வண்டிகளில் அந்த நேரத்தில் பெரிய பேட்டரி தொடர்பிலேயே இருக்காது. சின்னது பழசாகி இருந்தால் வண்டி அப்டேட்டை மறுக்கும், அல்லது பாதியில் விடும். சில வருஷம் ஆன வண்டி என்றால் அதைச் சோதித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அடுத்தது வைஃபை. வண்டியில் இருக்கும் சிம்மை நம்பிப் பெரிய ஃபைலை இறக்க வேண்டாம், சிக்னல் போய்ப் போய் வரும். பார்க்கிங்கில் வீட்டு வைஃபை எட்டவில்லை என்றால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு போனை வண்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பிறகு, அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி போடவே போடாதீர்கள். மருத்துவமனை, விமானம், பரீட்சை, எதுவாக இருந்தாலும். வந்த அன்றே போடவும் வேண்டாம், ஒரு வாரம் விட்டு மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். போடுவதற்கு முன் செட்டிங்ஸ் பக்கங்களை எல்லாம் போனில் படம் எடுத்து வையுங்கள், ரீஜென், கண்ணாடி, சார்ஜ் வரம்பு, எல்லாவற்றையும். முடிந்த பிறகு அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரேஞ்ச் குறைந்தது என்று சத்தம் போடுவதற்கு முன் ஒரு தடவை நன்றாக இறங்கவிட்டு முழுக்க ஏற்றிப் பாருங்கள், கணிப்பு தன்னைச் சரிசெய்துகொள்ள வாய்ப்பு உண்டு. இதையெல்லாம் செய்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

ஒற்றைப்பெடல்

பொறுமைசாலி, நன்றி. ஆனால் அப்டேட்டை எப்படிப் போடுவது என்று நான் கேட்கவில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஒப்பிடுகிற வேலையை என் தலையில் கட்டுவது ஏன் என்பதுதான் என் கேள்வி. என்னென்ன மாறியது என்று அவர்களுக்குத் தெரியும். அதை ஒரு வரியில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பழையசாவி

இரண்டாம் கையாக வாங்கிய வண்டி. வாங்கிச் சில நாள் இருக்கும். உள்ளே உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருக்கிறேன், திரையில் அப்டேட் தொடங்கப் போகிறது என்று எண் இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் எதையும் தொடவில்லை. ரத்து செய்வதற்குள் திரை கருத்துவிட்டது. வண்டியை விற்றவருக்குப் போன் செய்தேன். "அட, என் போனில் அறிவிப்பு வந்தது, பழக்கத்தில் ஓகே தட்டிவிட்டேன்" என்றார். அவருடைய கணக்கிலிருந்து என் வண்டி இன்னும் நீங்கவே இல்லை! அப்டேட் மட்டுமா, கதவு, ஏசி, வண்டி நிற்கிற இடம், எல்லாமே அவர் போனில். நல்ல மனுஷர், அன்றைக்கே நீக்கிவிட்டார். பழைய வண்டி வாங்குகிறவர்கள் காகிதம் மாற்றும்போதே இதையும் மாற்றிவிடுங்கள்.

சிவப்புசிக்னல்

பழையசாவி நிறுத்திய இடத்தில் மாட்டினார், பரவாயில்லை. 2019 ஜனவரியில் பெய்ஜிங் நகரின் முக்கியச் சாலையில் நெரிசலில் நின்றபோது நியோ என்ற சீனக் கம்பெனியின் ஈஎஸ்8 மின்சார வண்டி ஒன்றில் அப்டேட்டைத் தொடங்கிவிட்டார்கள். நடுரோட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையவில்லை. அதைப் படித்ததிலிருந்து உள்ளே உட்கார்ந்திருக்கும்போது அந்த அறிவிப்பு வந்தால் என் கை தானாக மடிக்குப் போய்விடும்.

இரண்டாம்பிரதி

வண்டிகளுக்கான மென்பொருள் எழுதுவதுதான் என் தொழில், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ஒற்றைப்பெடலுக்கு நடந்தது எப்படி என்று என்னால் ஊகிக்க முடிகிறது. புதிய வெர்ஷனில் ஒரு செட்டிங்கின் உள்பெயரை மாற்றுவார்கள், அல்லது இரண்டை ஒன்றாக்குவார்கள். பழைய மதிப்பைப் புதிய பெயருக்கு எடுத்துச் செல்ல ஒரு சின்ன நிரல் எழுத வேண்டும். அது விடுபட்டால் வண்டி பழைய மதிப்பைத் தேடும், கிடைக்காது, தொழிற்சாலை மதிப்பை எடுத்துக்கொள்ளும். சோதனை வண்டிகளில் பெரும்பாலும் தொழிற்சாலை மதிப்புதான் இருக்கும் என்பதால் அங்கே யார் கண்ணிலும் படாது.

முந்தைய வெர்ஷனுக்குத் திரும்ப ஏன் விடுவதில்லை என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். திரையை இயக்கும் பெரிய கம்ப்யூட்டரில் இரண்டு பிரதிகள் இருப்பது வழக்கம். ஓடாத பிரதியில் புதியதை எழுதி, அது கிளம்பவில்லை என்றால் பழையதற்கே வந்துவிடும். ஆனால் நன்றாகக் கிளம்பிவிட்டால், பழையதற்குத் திரும்பும் கதவைப் பாதுகாப்புக்காகப் பூட்டிவிடுவோம். பழைய வெர்ஷனில் ஓட்டை இருந்தால் திருடனும் அந்த வழியாகத்தான் வருவான். பூட்டுச் சாவியில் தவறு நடந்தால் என்ன ஆகும் என்பதை 2023 நவம்பரில் ரிவியன் என்ற அமெரிக்க மின்சார வண்டிக் கம்பெனி காட்டியது: தவறான பாதுகாப்புச் சான்றிதழோடு ஒரு மென்பொருள் பதிப்பு வெளியே போய், சில வண்டிகளில் திரையே வேலை செய்யாமல் போனது. படிப்படியாக அனுப்பிக்கொண்டிருந்ததால் ஒரு சிறு பகுதியோடு நிறுத்த முடிந்தது.

இன்னொன்று. ஐ.நா.வின் ஆர்156 என்ற விதி இதற்காகவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலையிலிருந்து புதிய மாடல்களுக்கும், 2024 ஜூலையிலிருந்து எல்லாப் புதிய வண்டிகளுக்கும் கட்டாயம். அப்டேட் எதற்காக, வண்டியின் செயல்பாட்டில் எது மாறுகிறது, எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரத்தில் எது வேலை செய்யாது என்பதை ஓட்டுபவருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. "பிழைத்திருத்தங்கள்" என்று எழுதுவது அதில் எவ்வளவு தூரம் சேரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வேகச்சார்ஜ்

நூறுசதத்துக்கு: மறுபடி படித்தேன். மழைக்கண்ணாடியிடம் அந்த வார்த்தைக்கு வருத்தம் தெரிவிக்கிறேன், வாதத்தை விடவில்லை. 2023 டிசம்பரில், ஓட்டுவதற்கு உதவும் ஆட்டோபைலட் வசதியின் எச்சரிக்கைகளைக் கூட்ட அமெரிக்காவில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட டெஸ்லாக்களைத் திரும்ப அழைத்தார்கள். சரிசெய்தது எல்லாமே காற்றுவழி. அத்தனை வண்டிகளும் சர்வீஸ் சென்டர் வாசலில் வரிசையில் நிற்பதை யோசித்துப் பாருங்கள்.

நூறுசதம்

யோசித்தேன். அங்கே போய் நிற்கிறவர்களுக்கு ஒரு ரசீதாவது கையில் கிடைக்கும், என்ன வேலை செய்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். எனக்கு அதுபோதும்.

மழைக்கண்ணாடி

வேகச்சார்ஜ், பரவாயில்லை. அம்மா இப்போது மழை நாளில் டவல் எடுத்துக்கொண்டுதான் வண்டியில் ஏறுகிறார். பட்டனை எங்கே வைத்தாலும் கவலை இல்லையாம்.

இரண்டாம்பிரதி

ஒற்றைப்பெடல், ஒரு சந்தேகம். உங்கள் வண்டியில் ஓட்டுநர் புரொஃபைல் இரண்டு இருக்கிறதா? சில சமயம் ஒருவருடையது மட்டும்தான் திரும்பிப் போகும், மற்றது அப்படியே இருக்கும். அப்படி என்றால் நான் சொன்ன காரணம் அனேகமாகத் தப்பு.

ஒற்றைப்பெடல்

இரண்டு இருக்கிறது. இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், மனைவியுடையதும் "உருளவும்" என்றுதான் இருக்கிறது. அவருக்கும் முன்பு "நிற்கவும்"தான். வண்டி சரியாக நிற்கவில்லையே என்று அவரும் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம், பிரேக் பேட் தேய்ந்திருக்கும் என்று நினைத்து சர்வீஸுக்கு நாள் குறித்து வைத்திருக்கிறார்.