வட்டார சமூக அறக்கட்டளையிடம் நிதி கேட்டுப் போன அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

எங்கள் அமைப்பு சின்னது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் முதியவர்களை வீட்டிலிருந்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம். வாரத்துக்கு 3 தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 4 மணி நேரம் மெஷினோடு இருந்துவிட்டுத் துவண்டு எழுந்திருக்கிறவர்களால் பஸ் ஏறி வர முடியாது, பிள்ளைகளாலும் ஒவ்வொரு முறையும் வேலைக்கு விடுப்பு போட முடியாது. முதல் இரண்டு வருடம் தன்னார்வலர்களின் சொந்தக் காரிலேயே ஓட்டினோம். அப்புறம்தான் வட்டார சமூக அறக்கட்டளை, அதாவது பலர் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்து வட்டாரத்து வேலைகளுக்குத் தரும் அமைப்பு, நிதி தருகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தோம். முதல் தடவை கிடைக்கவில்லை, இரண்டாம் தடவை கிடைத்தது. இடையில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் விண்ணப்பத்தில் வேன் கேட்டிருந்தோம். மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதி, 22 பக்கம், புகைப்படங்கள், நன்றிக் கடிதங்கள் எல்லாம் சேர்த்து அனுப்பினோம். நான்கு வரியில் மறுப்பு வந்தது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வாரம் மனதைத் தேற்றிக்கொண்டு போன் செய்து, ஏன் கிடைக்கவில்லை என்று தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று கேட்டேன். எடுத்துப் பேசிய திட்ட அலுவலர் முக்கால் மணி நேரம் பொறுமையாக விளக்கினார். விண்ணப்பிக்கும் முன்பே இந்தப் போனைச் செய்திருக்கலாம், அவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அறக்கட்டளையின் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு இருக்கிறதே, நமக்குக் கொஞ்சம் தரமாட்டார்களா என்று நினைத்திருந்தோம். அந்தப் பணம் ஒரே உண்டியலில் கிடப்பதில்லை. பலர் கொடுத்த பல நிதிகள் சேர்ந்ததுதான் அந்த அறக்கட்டளை. சில நிதிகளை யாருக்குத் தரலாம் என்று கொடுத்தவரே ஆலோசனை சொல்வார், சிலது கல்விக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தது, சிலது ஒரு குறிப்பிட்ட ஊருக்கு மட்டும். நிரந்தர நிதியாக வைத்திருப்பதில் பெரும்பாலும் அசலைத் தொடாமல் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு, ஐந்து என்ற அளவில்தான் எடுத்துச் செலவு செய்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் போட்டி போட்டுக் கேட்கக்கூடிய பங்கு இதெல்லாம் போக மிஞ்சுவதுதான். அந்தப் பங்கில் வாகனம், கட்டடம் வாங்கத் தருவதில்லை என்று விதிமுறையிலேயே ஒரு வரி இருந்திருக்கிறது. நாங்கள் ஐந்து பேர் படித்தும் அந்த வரி எங்கள் கண்ணில் படவில்லை.

பேச்சின் கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். வண்டி கிடைக்காததால் எத்தனை டயாலிசிஸ் தவறிப் போயிருக்கிறது? என்னிடம் பதில் இல்லை. எத்தனை பேரை ஏற்றினோம், எத்தனை தடவை போனோம் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. ஒரு தடவை தவறினாலே உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறி ஆபத்தாகும் என்பதால்தான் இந்த வேலையையே தொடங்கினோம், ஆனால் அந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எட்டு மாதம் ஒரு நோட்டுப் போட்டு, தவறிய ஒவ்வொரு தடவைக்கும் காரணத்தை எழுதினோம். எழுதிப் பார்த்தால் வண்டி இல்லாததால் தவறியவை கொஞ்சம்தான். கடைசி நேரத்தில் ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல், வேறு ஆளை ஏற்பாடு செய்ய யாரும் இல்லை என்று தவறியவைதான் பாதிக்கு மேல். எங்களுக்குத் தேவைப்பட்டது காலை ஐந்து மணிக்குப் போனை எடுத்து ஆள் மாற்றிவிட ஒரு ஒருங்கிணைப்பாளர். வேனுக்கு நிதி கிடைத்திருந்தால் அதையும் நிறுத்தி வைத்துக்கொண்டு இதே கஷ்டத்தைப் பட்டிருப்போம்.

இரண்டாவது விண்ணப்பம் 6 பக்கம். பகுதி நேர ஒருங்கிணைப்பாளரின் சம்பளம், பெட்ரோல், இன்சூரன்ஸ். கூடவே அந்த நோட்டிலிருந்து எடுத்த ஒரு பக்கக் கணக்கு. கிடைத்தது.

மற்றவர்களும் எழுதுங்கள், முக்கியமாகக் கிடைக்காமல் போனதைப் பற்றி.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்களுடையதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பொம்மையும் புத்தகமும் இரவல் தரும் குழு எங்களுடையது. ஏழு பெற்றோர், பதிவு கிடையாது. பதிவு இல்லாத குழுவுக்கு அறக்கட்டளை நேரடியாகத் தராது, ஆனால் பதிவு பெற்ற ஓர் அமைப்பு நமக்காகப் பணத்தை வாங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளச் சம்மதித்தால் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அப்படி ஒரு அமைப்பு முன்வந்தது. நிதியும் கிடைத்தது.

நாங்கள் செய்த தவறு, எதையும் எழுதி வாங்கிக்கொள்ளாதது. நல்ல மனிதர்கள், தெரிந்தவர்கள், அவர்களிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்று விட்டுவிட்டோம். பணம் அவர்கள் கணக்குக்கு வந்து நான்கு மாதம் எங்கள் கைக்கு வரவில்லை. நிர்வாகச் செலவுக்கு நூற்றுக்குப் பத்து பிடிப்போம் என்று பிறகு சொன்னார்கள். பிடிப்பது வழக்கம்தான், அதில் தப்பே இல்லை, அவர்களுக்கும் கணக்கர் சம்பளம், தணிக்கைச் செலவு எல்லாம் இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பட்ஜெட்டிலேயே அதைச் சேர்த்திருப்போம். கடைசியில் சாய்வு நாற்காலிகள் இரண்டைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று, அவற்றுக்காகக் காத்திருந்த குழந்தைகளின் பெயர்கூட எனக்கு நினைவிருக்கிறது. எத்தனை சதவீதம், எத்தனை நாளுக்குள் பணம் கைமாறும், பாதியில் பிரிந்தால் வாங்கிய பொருள் யாருடையது, அறிக்கையை யார் எழுதுவது, இந்த நாலையும் ஒரு தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு நெருங்கியவர்களாக இருந்தாலும்.

*

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். ஒரு சமூக அறக்கட்டளையின் தேர்வுக் குழுவில் மூன்று வருடம் தன்னார்வலராக இருந்தேன். குழுவில் இருந்தவர்கள் ஆசிரியர், நர்ஸ், கடைக்காரர் என்று வட்டாரத்து ஆட்கள்தான். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் முதல் சமூக அறக்கட்டளையைத் தொடங்கிய ஃபிரெடரிக் காஃப் ஒரு வங்கியாளர். எப்போதோ இறந்தவர்கள் எழுதி வைத்த நோக்கம் காலாவதியான பிறகும் பணம் அதிலேயே முடங்கிக் கிடப்பதை அவர் பார்த்தார். இன்றைக்கு எது தேவை என்று இன்று வாழ்கிற உள்ளூர்க்காரர்களே முடிவு செய்யட்டும் என்பது அவர் யோசனை.

நாங்கள் ஆளுக்கு முப்பது நாற்பது விண்ணப்பங்களை வீட்டுக்குக் கொண்டுபோய், சொந்த வேலை முடித்து ராத்திரியில் படிப்போம். அதனால் முதல் பக்கத்திலேயே யாருக்காக, என்ன செய்யப்போகிறீர்கள், எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிட்டால் நிம்மதியாக இருக்கும். 'முழுமையான அதிகாரமளித்தல் அணுகுமுறை' என்று தொடங்கினால் நானே மூன்று தடவை படித்தும் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பிடிபடாது. கடிதத்தில் ஒரு தொகை, பட்ஜெட் கூட்டலில் வேறு தொகை இருப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். நிர்வாகச் செலவு பூஜ்யம் என்று காட்டினால் குழு சந்தோஷப்படும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்குக் கவலைதான் வரும். வாடகை, மின்சாரம், கணக்கெழுதுகிற ஆள் இல்லாமல் எந்த வேலையும் நடக்காது, அப்படியானால் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். உள்ளதை உள்ளபடி போடுங்கள்.

இன்னொன்று. நல்ல விண்ணப்பங்களையும் பணம் போதாமல் தள்ளியிருக்கிறோம். மறுப்பு வந்தால் வேலை மோசம் என்று அர்த்தமில்லை. சில கடிதங்களைத் தள்ளிவிட்டுத் தூங்க முடியாமல் கிடந்திருக்கிறேன்.

*

ஐயா, கடைசியாக நீங்கள் எழுதியதை எங்கள் குழுவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், நன்றி. தங்கச்சி, அந்த நாலு விஷயத்தையும் நாங்களும் குறித்துக்கொண்டோம்.

அறிக்கை பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். நிதி வந்த ஆறாவது மாதம் எங்கள் ஒருங்கிணைப்பாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஆண்டு அறிக்கையில் சமாளித்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்றே அந்தத் திட்ட அலுவலருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். செலவாகாத சம்பளத்தை என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்று கேட்டார். புது ஆள் வரும்வரை இரண்டு தன்னார்வலர்கள் முறை போட்டுக்கொண்டு அதிகாலைப் போனைப் பார்த்துக்கொள்வார்கள், அவர்களுக்கு ஒரு சிறு தொகை தரலாமா என்றேன். எழுதி அனுப்புங்கள் என்றார், ஒரு வாரத்தில் அனுமதி வந்தது. புது ஆள் வரும்வரை ஆன இரண்டு மாதத்தில் தவறியது மொத்தம் மூன்று தடவை, மூன்றையும் நோட்டில் எழுதி அப்படியே அறிக்கையிலும் போட்டோம். அடுத்த வருடத்துக்கும் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.