நடுவில் ஹோட்டல் மாறுகிறோம், பெட்டியைக் கொண்டு சேர்க்கும் சேவையை நிறுத்திவிட்டார்கள். வழி சொல்லுங்கள்

மூட்டைமுடிச்சு:

ஏழு இரவு விடுமுறை. முதல் நான்கு இரவு ஒரு ரிசார்ட், மீதி மூன்று இரவு அதே குழுமத்தின் இன்னொரு ஹோட்டல். நடுவில் காரில் இருபது நிமிடம். நான் புக் செய்தபோது, காலையில் பெட்டியை ரிசப்ஷனில் விட்டால் மாலைக்குள் அடுத்த ஹோட்டலில் சேர்த்துவிடுவோம் என்று அவர்கள் தளத்திலேயே போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் இரண்டாகப் பிரித்தேன். போன வாரம் மெயில் வருகிறது, அந்தச் சேவை இனி இல்லையாம். இரண்டுக்கும் நடுவே மணிக்கொரு தடவை ஓடிய ஷட்டிலும் இனி காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை. அறை சுத்தம் செய்வதும் கேட்டால்தான்.

நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் அம்மா. அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி, பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார். இன்சுலின் போட்டுக்கொள்கிறார். பெரிய பெட்டி மூன்று, சின்னது இரண்டு. பிள்ளைகளின் பைகளை நான் எண்ணுவதே இல்லை.

முதல் ஹோட்டலில் 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இரண்டாவதில் 4 மணிக்குத்தான் அறை. இரண்டு இடத்துக்கும் போன் செய்தேன். இவர்கள், "மாலை வரை பெட்டியை இங்கே வைத்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். அவர்கள், "எப்போது வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். நடுவில் தூக்குவது யார் என்று கேட்டால் இரண்டு பக்கமும் மௌனம்.

இரண்டாவது ஹோட்டலை நாளை மறுநாள் வரை இலவசமாக ரத்து செய்யலாம். ரத்து செய்துவிட்டு ஒரே இடத்தில் இருந்துவிடலாமா, அல்லது இதைச் சமாளிக்க முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜன்னலோரம்:

ரத்து செய்துவிடுங்கள். வயதானவர், சின்னக் குழந்தை என்று வைத்துக்கொண்டு நடுவில் வீடு மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டுவது, காலி செய்வது, காத்திருப்பது, மறுபடி பிரிப்பது என்று ஒரு முழு நாள் போய்விடும். ஏழு நாளில் ஒரு நாள்.

மூட்டைமுடிச்சு:

நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் பிள்ளைகள் ஆசைப்பட்ட நீச்சல் குளம் இரண்டாவதில்தான் இருக்கிறது. முதல் ஹோட்டலில் கூடுதல் மூன்று இரவுக்கு எங்கள் அறை வகையும் காலி இல்லை, வேறு அறைக்குத்தான் போகணும். எப்படியும் பெட்டி கட்டித்தான் ஆக வேண்டும்.

பழைய_பெல்பாய்:

பதினோரு வருடம் ஹோட்டலில் பெட்டிகளை வாங்கி வைக்கும் பெல் டெஸ்க்கில் நின்றவன். ரத்து செய்ய வேண்டாம்.

ஐந்து பேரும் ஐந்து பெட்டியும் ஒரே நேரத்தில் ஒரே வண்டியில் போகணும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? பெட்டி முன்னால் போகட்டும், ஆட்கள் அப்புறம் போகட்டும். நிறுத்திவிட்டதாகச் சொல்கிற சேவையும் இதைத்தான் செய்தது.

முந்தின இரவே கட்டி வைத்துவிடுங்கள். காலை எட்டு மணிக்கு நீங்கள் ஒருவர் மட்டும் பெட்டிகளோடு இரண்டாவது ஹோட்டலுக்குப் போங்கள். சாதாரண டாக்ஸி வேண்டாம். டிக்கியில் பெரிய பெட்டி இரண்டு வைத்தாலே மூடுவது கஷ்டம், பெரிய வண்டியாகச் சொல்லுங்கள். ஷட்டிலை நம்பி இறங்காதீர்கள். நடை குறைந்தால் கூட்டம் ஏறும், பெரிய பெட்டி வைக்க இடமில்லை என்று ஓட்டுநர் கை விரித்துவிடுவார். அம்மாவும் மற்றவர்களும் பழைய அறையிலேயே இருக்கட்டும். 11 மணி வரை அது உங்கள் அறைதான். நீங்கள் ஒன்பதரைக்குத் திரும்பினால் எல்லோரும் நிதானமாகக் காலை உணவு முடித்து, கைப்பையோடு கிளம்பலாம். அறையோடு காலை உணவு சேர்ந்திருந்தால், காலி செய்கிற நாளின் உணவு பழைய ஹோட்டல் கணக்கில்தான் வரும், புதியதில் மறுநாள்தான் கிடைக்கும். அதை விட்டுவிட்டு ஓடாதீர்கள்.

அங்கே பெட்டியைக் கொடுக்கும்போது இரண்டாகக் கிழிக்கும் சீட்டு ஒன்று கட்டுவார்கள். ஒரு துண்டு பெட்டியில், ஒரு துண்டு உங்கள் கையில். ஐந்து பெட்டிக்கு ஐந்து சீட்டு கேட்டு வாங்குங்கள். ஒரே சீட்டில் "5" என்று எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். எங்கள் பெட்டி அறையில் ஒரு குடும்பத்தின் நான்கு பெட்டி தட்டின் மேலே, ஐந்தாவது கதவுக்குப் பின்னால். மாலை ஷிஃப்ட்டுக்கு வந்த பையன் கண்ணில் பட்ட நான்கை மட்டும் மேலே அனுப்பிவிட்டான். ஐந்தாவதில்தான் குழந்தையின் பால் புட்டி இருந்தது. அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை. பழைய விமானச் சீட்டுகள் ஒட்டியிருந்தால் கிழித்துப் போடுங்கள், ஒவ்வொரு பெட்டியையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைக் கொடுத்த கையோடு ரிசப்ஷனுக்கு நடந்துபோய் நேரில் பேசுங்கள். ஆப்பில் செக்-இன் செய்திருந்தாலும் பரவாயில்லை. எந்த அறையை முதலில் சுத்தம் செய்வது என்ற பட்டியல் காலையில்தான் முடிவாகும். "மேல் மாடி வேண்டாம், காட்சி வேண்டாம், நாங்கள் புக் செய்த வகையில் எந்த அறை முதலில் தயாராகிறதோ அதைக் கொடுங்கள், வயதானவர் கூட வருகிறார்" என்று சொல்லுங்கள். நாம் வைக்கிற ஒவ்வொரு நிபந்தனையும் காத்திருப்பை நீட்டும். மூன்று நிபந்தனை எழுதியவர் 4 மணி வரை லாபியில் உட்கார்ந்திருக்க, நிபந்தனையே இல்லாதவர் ஒரு மணிக்கு அறைக்குப் போவதைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

வெயில்காலன்:

மேலே சொன்னதோடு ஒன்று. 4 மணி என்றால் இப்போது உண்மையாகவே 4 மணிதான், முன்புபோல இரண்டு மணிக்கே சாவி கிடைப்பது குறைந்துவிட்டது. கேட்டால்தான் சுத்தம் என்று வைத்தால், நான்கு நாள் துடைக்காத அறையைக் காலி செய்த அன்று ஒரே மூச்சில் துடைக்க வேண்டும். அதற்கு நேரம் ஆகும், ஆளும் குறைவு.

இது உங்கள் ஹோட்டல் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஹில்டன் 2021-இலேயே தன் பெரும்பாலான பிராண்டுகளில் கேட்டால்தான் தினசரி சுத்தம் என்று மாற்றியது. 2024 செப்டம்பரில் அங்கே பல நகரங்களில் சுமார் 10,000 ஹோட்டல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வெட்டிய சேவைகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவின் ஹோட்டல்களுக்கு விமான நிலையத்திலிருந்து இலவச பஸ் 2005-இல் தொடங்கியது. ஒரு காலத்தில் பெட்டியை விமான நிலையத்தில் தேடக்கூட வேண்டாம், அவர்களே எடுத்து அறைக்கு அனுப்பிவிடுவார்கள். 2022 தொடக்கத்தோடு அந்த பஸ்ஸும் நின்றது. ஆக, திரும்ப வரும் என்று காத்திருக்காமல், இல்லை என்றே வைத்துத் திட்டம் போடுங்கள்.

ஊர்சுற்றி:

இன்சுலினை ஒரு டப்பாவில் ஐஸ் கட்டிகளோடு போட்டு அந்தப் பெட்டியிலேயே வைத்து அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்தது.

மருந்துக்கடைக்காரி:

ஊர்சுற்றி தம்பி, தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். மருந்து எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. பெட்டி அறை எவ்வளவு சூடாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஐஸ் நேரடியாகத் தொட்டால் இன்சுலின் உறைந்துபோகலாம். ஒரு தடவை உறைந்தது, திரும்ப உருகி முன்புபோலவே தெரிந்தாலும், அதைப் போடக் கூடாது.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். அம்மா இப்போது போட்டுக்கொண்டிருக்கிற பேனா, பெரும்பாலான வகைகளில், அதிகச் சூடில்லாத அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை தாங்கும். எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்பது வகைக்கு வகை மாறும், மருந்தோடு வரும் தாளில் இருக்கும், கிளம்பும் முன் பாருங்கள். அதனால் அன்றைய ஐந்து மணி நேரத்துக்குப் பயன்பாட்டில் உள்ள பேனாவைப் பற்றிக் கவலை வேண்டாம், நிழலில் கைப்பையில் இருந்தால் போதும். திறக்காததை மட்டும் ஒரு சின்ன குளிர்பையில் வையுங்கள். ஜெல் பொட்டலத்துக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு துண்டு இருக்கட்டும்.

ஹோட்டல் அறை ஃபிரிட்ஜை அப்படியே நம்பாதீர்கள். சத்தம் வராமல் இருக்க கம்ப்ரஸர் இல்லாத வகையைப் பல இடங்களில் வைக்கிறார்கள். மெதுவாகத்தான் குளிரும், 4 மணிக்குப் போட்டால் குளிர இரவாகிவிடும். சில அறைகளில் சாவியான கீ கார்டைச் சுவரில் உள்ள செருகியில் வைத்தால்தான் மின்சாரம், எடுத்ததும் ஃபிரிட்ஜும் நின்றுவிடும். போனதும் கார்டை எடுத்துவிட்டு ஃபிரிட்ஜ் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். உள்ளே உள்ள பாட்டில்களை நகர்த்தினாலே பில்லில் ஏற்றும் சென்சார் வகையும் உண்டு. அப்படி இருந்தால் ரிசப்ஷனில் சொல்லிக் காலி செய்யச் சொல்லுங்கள். மருந்துக்கு என்றால் தனி ஃபிரிட்ஜ் கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. அதை அன்றைக்குக் கேட்காமல் இப்போதே மெயிலில் கேட்டு வையுங்கள்.

மூட்டைமுடிச்சு:

அக்கா, ரொம்ப நன்றி. கீ கார்டு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. என் அம்மாவோ, "அந்த ஊசியை என் இடுப்புப் பையிலேயே வைத்துக்கொள்கிறேன், உங்கள் ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம்" என்கிறார்.

பழைய_பெல்பாய்:

அம்மா சொல்வது சரி.

கணக்குப்பிள்ளை:

பணப் பக்கம் யாரும் சொல்லவில்லை. ஒரே குழுமமாக இருந்தாலும் இரண்டு புக்கிங் என்றால் இரண்டு கணக்கு. செக்-இன் செய்யும்போது இரண்டு இடத்திலும் முன்பணமாக ஒரு தொகையை கார்டில் பிடித்து வைப்பார்கள். முதல் ஹோட்டல் பிடித்தது நீங்கள் காலி செய்த அன்றே விடுபடாது, வங்கியைப் பொறுத்து சில நாள் ஆகும். அதற்குள் இரண்டாவதும் பிடிக்கும். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் சொந்தப் பணமே முடங்கும், கிரெடிட் கார்டு கொடுங்கள்.

முதல் ஹோட்டலில் கடைசி இரவு லாண்டரிக்கு எதுவும் போடாதீர்கள். இன்னொன்று, பலர் கோட்டை விடுவது: திரும்பிப் போக விமான நிலையத்துக்கு வண்டி முன்பதிவு செய்திருந்தால், அது எந்த ஹோட்டல் வாசலுக்கு வருகிறது என்று பாருங்கள்.

மூட்டைமுடிச்சு:

இப்போதுதான் பார்த்தேன். முதல் ஹோட்டல் வாசலுக்கு! மாற்றிவிட்டேன். உங்களுக்கு ஒரு கும்பிடு.

ரத்து செய்யவில்லை. மூன்று பெரிய பெட்டியில் ஒன்றை இரண்டாவது ஹோட்டலுக்கு மட்டும் என்று ஒதுக்கி, முதல் நான்கு நாள் திறக்காமலே வைக்கப் போகிறோம். இது மனைவியின் யோசனை. கட்ட வேண்டியது அவ்வளவு குறையும். போய்வந்து எழுதுகிறேன்.

மூட்டைமுடிச்சு (பன்னிரண்டு நாள் கழித்து):

போய்வந்தாயிற்று. எட்டேகாலுக்குப் பெரிய வண்டியில் பெட்டிகளோடு கிளம்பினேன். பெல் டெஸ்க்கில் ஒரே பையன், ஐந்து சீட்டு கேட்டதும் ஒரு மாதிரி பார்த்தான், ஆனால் கொடுத்தான். ரிசப்ஷனில் நேரில் பேசினேன், அந்தப் பெண் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். பத்து மணிக்குத் திரும்பியபோது அம்மா கட்டிலில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். 11 மணிக்குக் கிளம்பி அங்கே போய்ப் பிள்ளைகளைக் குளத்தில் இறக்கிவிட்டோம். கையில் இருந்த கீ கார்டு இன்னும் வேலை செய்யாததால் குளத்துக் கதவை ஒவ்வொரு தடவையும் யாராவது திறந்துவிட வேண்டியிருந்தது. 1:50-க்கு அறை தயார் என்று மெசேஜ்.

ஃபிரிட்ஜ் விளக்கு கார்டை எடுத்ததும் அணைந்தது. அக்கா சொல்லாவிட்டால் கவனித்திருக்க மாட்டேன். தனி ஃபிரிட்ஜ் கொண்டுவந்து வைத்தார்கள்.

தவறிப்போனது ஒன்றே ஒன்று. சின்னவள் கட்டிப்பிடித்துத் தூங்கும் துணி முயலை, முந்தின இரவு அவள் தூங்கியதும் நானே பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டேன். காலையில் எழுந்து முயலைக் காணோம் என்று ஒரே அழுகை, நானோ பெட்டியோடு இருபது நிமிடத் தூரத்தில். பெல் டெஸ்க்கில் நின்று, கட்டிய சீட்டை அவிழ்க்காமல் ஜிப்பை மட்டும் திறந்து, முயலைக் காதைப் பிடித்து இழுத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

கணக்குப்பிள்ளை சாருக்கு ஒரு கேள்வி. முதல் ஹோட்டல் பிடித்த தொகை இன்னும் விடுபடவில்லை, ஏழு நாள் ஆகிறது. இது சகஜமா?

கணக்குப்பிள்ளை:

கிரெடிட் கார்டில் ஏழு நாள் ஆவது புதிதில்லை. இறுதி பில் கையில் இருக்கிறதா, பாக்கி பூஜ்யம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் ஹோட்டலுக்கு எழுதி, தொகையை விடுவித்துவிட்டார்களா என்று கேளுங்கள், தொகையைப் பிடித்தபோது கிடைத்த அனுமதி எண்ணையும் வாங்குங்கள். எண்ணைச் சொல்லி வங்கியில் கேட்டால் சீக்கிரம் தேடிவிடுவார்கள்.

மூட்டைமுடிச்சு:

பில் இருக்கிறது, பூஜ்யம்தான். இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.