ஒரு வேலைக்குப் போகும் முன், அது எப்படி இருக்கும் என்று அந்த வேலையில் இருப்பவரிடமே நேரில் போய்க் கேட்டவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஈரோட்டிலிருந்து:

டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருஷம் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஆர்.ஆர்.பி. (ரயில்வே பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் ஏ.எல்.பி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். ரயில் இன்ஜினில் உதவி லோகோ பைலட், அதாவது உதவி ஓட்டுநர் வேலை. சிலபஸ், கட் ஆஃப், தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 எல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வேலையைப் பார்க்கும் ஒருவரிடம் பேசியவர் மட்டும் எங்களில் யாருமில்லை.

அம்மாவின் தையல் கடைக்கு வரும் ஓர் அக்காவின் வீட்டுக்காரர் மெயில் எக்ஸ்பிரஸ் லோகோ பைலட். "அண்ணாகிட்ட கொஞ்ச நேரம் பேசணுங்க்கா" என்றேன். "அவர் ரெஸ்ட்ல இருக்கறப்ப நானே கூப்பிடறேன் கண்ணு. எப்பன்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் திடீரென்று போன் வந்தது, உடனே கிளம்பிப் போனேன்.

காலிங் பெல் ஒயரைக் கழற்றி வைத்திருந்தார்கள். படுக்கையறை ஜன்னலில் கறுப்புத் துணி. கதவோரம் டூட்டிக்கு எடுத்துப்போகும் அவருடைய லைன் பாக்ஸ் பெட்டி, அதன் மேல் வாக்கி டாக்கி சார்ஜில் கிடந்தது.

"வேலை எப்படி இருக்கும்ணா" என்று கேட்டால் "நல்லா இருக்கும்" என்றுதான் பதில் வரும். அதனால் "கடைசியா டூட்டிக்குக் கூப்பிட்டதுல இருந்து வீடு திரும்பினவரைக்கும் என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கண்ணா" என்று கேட்டேன். ராத்திரி பதினொன்றரைக்கு போன் வந்திருக்கிறது. ஒன்றரைக்கு லாபியில், அதாவது ஓட்டுநர்கள் டூட்டிக்கு வந்து பதிவு செய்யும் இடத்தில், சைன் ஆன். முதலில் ஊதிக் காட்ட வேண்டும், குடித்திருக்கிறோமா என்று மெஷின் பார்க்கும். பிறகு காஷன் ஆர்டர், அதாவது எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று எழுதிய தாள். வண்டியை வாங்கி ஜோலார்பேட்டை வரை ஓட்டி, அங்கே ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் தூங்கி, வேறொரு வண்டியில் திரும்பியிருக்கிறார். அங்கே தூங்கியது பகல் எட்டு மணிக்கு.

இன்ஜினுக்குள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று கேட்டதற்கு டீ டம்ளரைக் கீழே வைத்தார். வலது கையை நேரே நீட்டி, "டிஸ்டன்ட்... டபுள் யெல்லோ" என்று உரக்கச் சொன்னார். "இப்ப நீ சொல்லு" என்றார். நானும் கை நீட்டிச் சொன்னேன். ஒவ்வொரு சிக்னலின் பெயரையும் நிறத்தையும் இருவரும் இப்படிச் சொல்லியாக வேண்டும், விடிய விடிய. ஒரு நிமிஷம்வரை எந்தக் கைப்பிடியையும் தொடாமல் இருந்தால் முதலில் விளக்கு எரியும், அடுத்து பஸ்ஸர் அடிக்கும், அப்போதும் அசையவில்லை என்றால் பிரேக் தானாகப் பிடித்துவிடும். "விடியக்காலம் மூணு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் முழிச்சிருக்கறதுதான் வேலை, பாப்பா. மத்த நேரமெல்லாம் வண்டி ஓட்டறதுதான்" என்றார்.

எனக்கு அதிகம் சொன்னது அந்த அக்காதான். கேள்வி எதுவும் அவரிடம் கேட்க நான் தயார் செய்துகொண்டு போகவில்லை. அடுப்படியிலிருந்து அவரே வந்து உட்கார்ந்தார். "கல்யாணமான புதுசுல குக்கர் விசிலுக்கே முழிச்சுக்குவாரு. இப்ப அவரு தூங்கறப்ப குக்கரே வெக்கறதில்ல, பானையில வடிச்சர்றேன். புள்ளைக ரெண்டும் வீட்டுக்குள்ள கிசுகிசுன்னு பேசியே வளந்ததுக." மகளின் பள்ளி ஆண்டு விழாவை அண்ணா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். வேலைக்குப் போகப்போவது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு போயிருந்த எனக்கு, வீடு மொத்தமும் அந்த ட்யூட்டியில் இருக்கும் என்பது அங்கேதான் தெரிந்தது.

பெண்களுக்கு இந்த வேலை எப்படி என்று அண்ணாவிடம் கேட்டேன். "அத நான் சொல்லக் கூடாது" என்று தன்னோடு ஓட்டிய ஒரு பெண் ஏ.எல்.பி.க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்த ஏ.எல்.பி. அக்கா சுற்றி வளைக்கவில்லை. பல இன்ஜின்களில் இன்னும் கழிவறை இல்லை, புதிதாக வருவதில்தான் வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் என்றால் எந்த ஸ்டேஷனில் எவ்வளவு நேரம் நிற்கும் என்றாவது தெரியும். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் கூட்ஸ்தான் கிடைக்கும், அது எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. "அதுக்காகத் தண்ணி குடிக்காம மட்டும் இருந்துராத, உடம்பு போயிரும்" என்றார். நான் சுரேகா யாதவ் பெயரை எடுத்தேன். 1989-ல் ரயில்வேயில் சேர்ந்து 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்ற, நாட்டின் முதல் பெண் ரயில் ஓட்டுநர். "எல்லாரும் அவங்க சாதிச்சதச் சொல்றாங்க. எப்படிச் சமாளிச்சாங்கன்னு கேக்க எனக்கு ஆசை" என்றார் அந்த அக்கா. வேலையை விட்டுவிடலாமா என்று எப்போதாவது தோன்றியதுண்டா என்று அவரிடமே கேட்டேன். தோன்றியிருக்கிறதாம். ஆனால் ராத்திரியில் வரிசையாகக் கிரீன் விழுந்து வண்டி முழு வேகத்தில் போகும்போது வரும் சந்தோஷம் வேறு எதிலும் வராது என்றார்.

கடைசியாக, இந்த வேலையில் ரொம்பக் கஷ்டம் எது என்று அண்ணாவிடம் கேட்டேன். அவர் வீட்டு அக்கா எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தண்டவாளத்தில் ஆள் நிற்பது தெரிந்து பிரேக் போட்டாலும் வண்டி நிற்கக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆகும். ஹாரன் அடிப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. "அந்த ஆளு கடைசியில திரும்பிப் பாப்பாங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நான் விண்ணப்பித்தேன். வீட்டில் அம்மாவையும் உட்காரவைத்து இத்தனையும் சொல்லிவிட்டுத்தான் விண்ணப்பித்தேன்.

விருதுநகரிலிருந்து:

ஈரோட்டுத் தங்கை எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் தம்பியும் இதே தேர்வுதான் எழுதினான். முதல் தாள், இரண்டாம் தாள் முடித்து, கம்ப்யூட்டர் ஆப்டிட்யூட் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் வேண்டிய 42-க்கு மேல் எடுத்து, மெடிக்கல் வரை போய்விட்டான். அங்கே நிறுத்திவிட்டார்கள். கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் 6/6 இருக்க வேண்டும், ஏ-1 என்பார்கள். அவனுக்குப் பார்வை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது லாசிக், அதாவது கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் சிகிச்சை, செய்துகொண்ட பிறகு வந்த பார்வை. லாசிக் செய்தவர்களை இந்தப் பணிக்கு எடுப்பதில்லை. அறிவிப்பில் இருக்கிறது. அவன் பணம் கட்டிப் படித்த பயிற்சி மையம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. லோகோ பைலட் ஒருவரிடம் பத்து நிமிஷம் பேசியிருந்தால், முதல் கேள்வியாகவே "கண்ணு எப்படி?" என்று அவர் கேட்டிருப்பார். கண்ணாடி போடும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், புத்தகம் வாங்குவதற்கு முன்னால் கண் டாக்டரைப் பாருங்கள்.

சென்னையிலிருந்து:

நான் பதில் சொல்லும் பக்கம் இருப்பவன், கட்டுமானத்தில் சைட் இன்ஜினியர். சிவில் படிக்கும் பிள்ளைகள் அவ்வப்போது வந்து கேட்பார்கள். பெரும்பாலும் முதல் கேள்வி "பேக்கேஜ் எவ்வளவு சார்?" அதில் தப்பில்லை, வீட்டுக் கடன் அப்படி. ஒரு பெண் மட்டும், "கான்கிரீட் போடற அன்னைக்கு வரலாமா சார்?" என்றாள். ரூஃப் கான்கிரீட் நடந்த நாளில் காலை ஆறு மணிக்கு வந்து நின்றாள். பம்ப் நடுவில் அடைத்துக்கொண்டது, மேஸ்திரி கத்தினார், கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க க்யூப் அச்சில் கலவையை நிரப்பிக் கம்பியால் குத்துவதை அவளையே செய்யச் சொன்னேன். அந்தக் கட்டிகளில் சிலவற்றை ஏழாம் நாளும் மீதியை இருபத்தெட்டாம் நாளும் உடைத்துப் பார்ப்போம் என்றதும், இருபத்தெட்டாம் நாள் போன் செய்து ரிசல்ட் கேட்டாள். அந்த மாதிரி ஒரு பிள்ளை வந்தால் எனக்கும் வேலை மேல் புது ஆசை வருகிறது. தயங்காமல் கேளுங்கள், எங்களிடம் வந்து கேட்பவர்கள் குறைவு.

மறுபடி ஈரோட்டிலிருந்து:

விருதுநகர் அண்ணா, கண் விஷயத்தை அந்த லோகோ பைலட் அண்ணாவும் முதலிலேயே கேட்டார், நான் எழுத விட்டுப்போயிற்று. பணியில் சேர்ந்த பிறகும் 45 வயதுவரை நாலு வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் உண்டு என்றார். தம்பிக்கு டெக்னீஷியன் பணிகளைப் பார்க்கச் சொல்லுங்கள், அவற்றில் பலவற்றுக்குக் கண்ணாடி போடலாம். ஒவ்வொரு பதவிக்கும் என்ன மெடிக்கல் பிரிவு என்று அறிவிப்பிலுள்ள அட்டவணையில் போட்டிருப்பார்கள்.