மண்டிக் கணக்கு மூட்டைகள் வந்திருக்கின்றன: ஸ்கேனுக்கு முன் என்ன செய்வது?

கரிசல்கணக்கு:
எங்கள் ஊர் வரலாற்றுக் குழுவில் ஆறு பேர். மூடிப்போன ஒரு பருத்தி மண்டியிலிருந்து ஐந்து மூட்டை கொடுத்திருக்கிறார்கள். பேரேடு, சிட்டை (அன்றாடக் கணக்கு நோட்டு), முத்திரைத்தாள் பத்திரம், கோயில் கொடை நோட்டீஸ், அறுபது போட்டோ அளவில் இருக்கும். ராமபாணம் அரித்த ஓட்டைகள் நிறைய. ஒரு மூட்டையில் பூசணம். லேமினேட் செய்துவிடலாம் என்கிறார் ஒருவர், அந்துருண்டை போடலாம் என்கிறார் இன்னொருவர். கையில் ஏ4 ஸ்கேனர் ஒன்றும் எட்டாயிரம் ரூபாயும் உண்டு. பல பத்திரங்களில் ஆங்கில வருஷமே இல்லை, வெறும் 'தாது வருஷம்' என்று தமிழ் வருஷப் பெயர்தான். எங்கிருந்து தொடங்க?

ஏட்டுக்கட்டு:
லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரிக்க வழியில்லை. பழைய கடுக்காய் மையில் அன்னபேதி என்ற இரும்பு உப்பு இருக்கும். அதன் அமிலம் உள்ளேயே அடைபட்டு எழுத்து இருக்கும் இடத்தைத் தின்றுகொண்டே போகும். செல்லோ டேப்பும் அப்படித்தான், பிளாஸ்டிக் உதிர்ந்த பிறகும் மஞ்சள் கறை நிற்கும். அந்துருண்டை பூச்சியை விரட்டுவதைவிட அறையில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தலைவலி கொடுப்பதுதான் அதிகம்.

முதலில் பூசண மூட்டையை வேறு அறைக்கு மாற்றுங்கள். நிழலில், காற்றோட்டத்தில் காயட்டும். ஃபேன் நேராக அடிக்கக் கூடாது, வித்துகள் மற்ற மூட்டைகளுக்குப் பறக்கும். வெயிலில் போட்டால் மை வெளுத்துத் தாள் நொறுங்கும். நன்றாகக் காய்ந்தபின், என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, வெளித்திண்ணையில் வைத்து மென்மையான பிரஷால் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தட்டுங்கள். ஈரத்துணி பட்டால் பூசணம் தாளுக்குள் இறங்கிவிடும்.

மூட்டையைப் பிரித்து 'பத்திரம் ஒரு பக்கம், நோட்டீஸ் ஒரு பக்கம்' என்று அடுக்கத்தான் எல்லோருக்கும் கை வரும். செய்யாதீர்கள். ஒரு சிட்டைக்குள் மடித்து வைத்த ரசீது அந்தச் சிட்டையின் பதிவுக்குச் சாட்சி; தனியே எடுத்துவிட்டால் அது வெறும் துண்டுச்சீட்டு. மூட்டை 1, கட்டு 3, தாள் 17 என்று வந்த வரிசையிலேயே எண் கொடுங்கள். 2பி பென்சிலால் பின்பக்கக் கீழ் மூலையில், அழுத்தாமல். பால்பாயிண்ட் ஆகவே ஆகாது. போட்டோவின் பின்னால் எழுதாமல் அதன் உறையில் எழுதுங்கள். உறை பிவிசியாக இருக்க வேண்டாம். பாலியெஸ்டர் அல்லது அமிலமில்லாத காகிதம் நல்லது. துருப்பிடித்த குண்டூசியைப் பிடித்து இழுத்தால் தாள் கிழியும்; அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகிக்கொண்டு மெல்ல நெம்புங்கள். கட்டுவதற்கு ரப்பர் பேண்டு வேண்டாம், பருத்தி நாடா போதும்.

வல்லூறு_77:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஸ்கேன் பற்றி மட்டும்: தாளுக்கு 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), போட்டோவுக்கு 600, எல்லாமே கலரில், டிஃப் (TIFF) படக் கோப்பாக. ஏ4 பக்கம் ஒன்று சுமார் 46 எம்பி வரும். இரண்டாயிரம் பக்கம் என்றால் 93 ஜிபி. பேரேட்டை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும். அதை இருபுறமும் தலையணை கொடுத்துப் பாதி திறந்து வைத்து, மேலிருந்து கேமராவில் எடுங்கள். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, ஃபிளாஷ் இல்லாமல். கட்டுக்கு ஒரு படத்திலாவது அளவுகோலும் நிற அட்டையும் தெரியட்டும். வெற்றுப் பின்பக்கத்தையும் எடுங்கள், பின்னால்தான் யாராவது கணக்குப் போட்டிருப்பார்கள்.

கோப்புப் பெயர் வெறும் எண்ணாக இருக்கட்டும்: 01_03_017. விவரமெல்லாம் அட்டவணையில்.

யாழ்வாசகன்:
ஸ்கேன் கோப்புகளுக்குப் பிரதி மூன்று, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது புத்தகங்களோடு ஏடுகளும் போயின. ஒரே கட்டடத்தில் பத்துப் பிரதி இருந்தாலும் அது ஒரு பிரதிதான். பென் டிரைவைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

பசலி:
தாது 60 வருஷத்துக்கு ஒருமுறை வரும்: 1876-77 (பெரும்பஞ்ச வருஷம்), அடுத்து 1936-37. எது என்று பார்க்க முத்திரைத்தாளில் விக்டோரியா தலையா, ஜார்ஜ் தலையா என்று பாருங்கள். கூடவே கிஸ்தி (நிலவரி) ரசீது இருந்தால் வேலை சுலபம், அதில் பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டு இருக்கும்: பசலியோடு 590 கூட்டுங்கள், அந்த ஆண்டு ஜூலை 1இல் அந்தப் பசலி தொடங்கும். பசலி 1346 என்றால் ஜூலை 1936 முதல் ஜூன் 1937 வரை. தாது கார்த்திகை, பசலி 1346 என்று இரண்டும் இருந்தால் 1936 நவம்பர்-டிசம்பர். தை முதல் பங்குனி வரை ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும், அதே தாது தை என்றால் 1937. பட்டியல் போடுகிறவர்கள் வழுக்குகிற இடம் இது.

தேதியே இல்லாத சிட்டையில் நயா பைசா இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது. அணாவை மட்டும் வைத்து முந்தியது என்று முடிவுகட்டாதீர்கள், பழக்கத்தில் கொஞ்ச காலம் எழுதினார்கள். அட்டவணையில் மூலத்தில் உள்ளதை அப்படியே ஒரு கட்டத்திலும், நீங்கள் மாற்றிய தேதியை வேறு கட்டத்திலும் போடுங்கள்.

கரிசல்கணக்கு:
நன்றி. ராமபாணத்துக்கு மருந்து?

ஏட்டுக்கட்டு:
மருந்து வேண்டாம், குளிர் போதும். காய்ந்த கட்டைப் பாலிதீன் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி ஒட்டுங்கள். மைனஸ் 18க்கு இறங்கும் டீப் ஃபிரீசரில் இரண்டு வாரம். எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். வியர்வை வெளியே படியும், தாளில் படாது. கண்ணாடி நெகட்டிவ் இருந்தால் அதை உள்ளே வைக்கவேண்டாம். பூசணத்துக்கு இது உதவாது. பிறகு சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இரும்பு அலமாரியில் வையுங்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்கிவிடுங்கள், 65 சதவீதத்தைத் தாண்டினால் பூசணம் மறுபடி தலைதூக்கும்.