காலிப்பர் போட்ட பிள்ளையை உள்ளூர்ப் பள்ளிக்கு அனுப்பலாமா?

கேள்வி: தேவகோட்டை பக்கம் கிராமம். மகனுக்கு ஆறு வயசு, இடது காலில் காலிப்பர் (காலைத் தாங்க வாரால கட்டுற கருவி). மாமியார் "வீட்டோட இருக்கட்டும்"ங்கிறாங்க. இப்படி வளர்ந்தவங்க சொல்லுங்களேன்.

பதில்: அனுப்புங்க தங்கச்சி. நான் கானாடுகாத்தான் பக்கம், போலியோ கால். தெருவெல்லாம் உசந்த திண்ணை வீடு. படியில கைய ஊன்றி, உக்காந்து உக்காந்தே ஏறுவேன். ஆத்தங்குடித் தரைக்கல்லுல தண்ணி சிந்தியிருந்தா காலிப்பர் சறுக்கும். அப்பத்தா சாக்கை விரிச்சுப் போடும். விழுந்ததைவிட "பாவம் புள்ள"தான் எரிச்சல். கண்மாய்க்கரைக் கபடியில நான்தான் நடுவர், (அழுகுணி ஆட்டம் எங்கிட்ட நடக்காது). ஒண்ணு: காலிப்பர் வார் உரசுற இடத்தை ராத்திரி ராத்திரி பாருங்க. சிவந்திருந்தா, புண்ணாகுமுன்னே சரிபண்ணக் கொடுங்க. புள்ள வளர வளர அளவும் மாத்தணும்.

பதில்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, ஊனம் 40 சதவீதமோ மேலயோ இருந்தா 6 முதல் 18 வயசு வரை பக்கத்துப் பள்ளியில இலவசமாப் படிக்க உரிமை உண்டு. முதல்ல யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிக்கு அரசு தர்ற அடையாள அட்டை) வாங்குங்க. சாய்தளம் வேணும்னு தலைமையாசிரியர்கிட்ட எழுதியே கொடுங்க. வாயால சொன்னா காத்தோட போயிரும்.

கேள்வி கேட்டவர்: வார் விஷயம் யாருமே சொல்லலைண்ணே. மாமியாருக்கு வாசிச்சுக் காட்டுனேன். "அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா"ன்னு கேக்குறாங்க!

பதில்: ஆச்சு, ரெண்டு புள்ளைக.