டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஏற்ற கிறிஸ்துமஸ் பலகாரம்: ஆலோசனை தேவை

நாங்கள் நாகர்கோவிலில் வசிக்கிறோம். சிறுநீரகங்கள் செயலிழந்த என் கணவருக்கு ஆடி மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது; சிகிச்சைச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டாலும், அவருடைய வருமானம் நின்றுவிட்டது. எங்கள் தேவாலயப் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் அரிசி தருகிறார்கள். பக்கத்துப் படுக்கை நோயாளியின் மனைவி, தமக்கே போதாத நிலையிலும், தம் சாப்பாட்டைப் பலமுறை என்னோடு பகிர்ந்திருக்கிறார். கடவுள் நம்மைக் கைவிடவில்லை என்பதற்கு என் கணவர் இவர்களைத்தான் காட்டுகிறார். (எனக்கு அவரளவு விசுவாசம் இல்லை.) ஆகவே இவ்வருடம் புத்தாடையைத் தவிர்த்து, அந்த வார்டிலுள்ள அனைவருக்கும் பலகாரம் கொடுக்க விரும்புகிறார்.

முந்திரிக்கொத்தில் பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும், கேக்கில் உலர்திராட்சையும் சேர்வதால், சிறுநீரகம் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் உடலில் கூடும் என்று மருத்துவமனையின் உணவு ஆலோசகர் தடுத்துவிட்டார். தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகத் தண்ணீர் விட்டு அச்சு முறுக்கு சுட்டுப் பார்த்தேன். அச்சிலிருந்து கழலாமல் உடைகிறது. உப்பு முறுக்கு தாகத்தைக் கூட்டும். அவர்கள் குடிக்கும் நீருக்கோ அளவுண்டு. பலருக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது.

பச்சரிசி மாவை முதன்மையாகக் கொண்டு, உப்பும் இனிப்பும் குறைவாக, குறைந்த செலவில் செய்யக்கூடிய, ஓரிரு நாள் கெடாத பலகாரம் எது?