எட்டு மணிக்கு மூடும் ஆஸ்பத்திரி, எட்டரைக்கு விடும் கம்பெனி

ஓவர்லாக் செல்வி:
திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களை மனதில் வைத்துத்தான் இந்த விவாதத்தை ஆரம்பிக்கிறேன். மற்ற ஊர்க்காரர்களும் வந்து பேசலாம்.

நகர்ப்புற நலவாழ்வு மையம் என்று 2023 ஜூனில் தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் 500 திறந்தார்கள். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், மாத்திரை இலவசம். வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் மாலை நேரமும் வைத்தார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவது. காலையில் அவர்கள் திறந்து டோக்கன் கொடுக்கும்போது நான் பஸ்ஸில் இருப்பேன். ராத்திரி நான் வெளியே வரும்போது அங்கே ஷட்டர் இறங்கியிருக்கும்.

அரை ஷிப்ட் போட்டுவிட்டுப் போகலாமே என்பீர்கள். ஓவர்லாக் தையல் மிஷின் சீட் காலியானால் பின்னாலிருக்கும் ஃபிளாட்லாக் மிஷினுக்குப் பீஸ் வராது, லைனே நிற்கும். சூப்பர்வைசர் உடனே வேறு ஆளை உட்கார வைப்பார். மறுநாள் போனால் அந்த ஆள்தான் அங்கே இருப்பார். நம்மைச் செக்கிங்குக்கோ கைமடிக்கோ தள்ளிவிடுவார்கள், கூலியும் குறைந்துவிடும். வாயைத் திறந்து "வேலையை விட்டுப் போ" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

என் கட்சி இதுதான்: எங்கள் ஊரில் டாக்டருக்குப் பஞ்சமில்லை, லீவுக்குத்தான் பஞ்சம். மறுப்பவர்கள் வாருங்கள்.

மாலை ஓபி:
நான் மறுக்கிறேன். இப்படி ஒரு மையத்தில் சாயங்காலம் உட்காரும் டாக்டர் நான். எந்த ஊர் என்பது வேண்டாம்.

ஏழு மணிக்கு மேல் என் அறையில் பல நாள் கூட்டமே இருக்காது. ஏழு ஐம்பதுக்கு ஒருவர் வருவார். மூன்று வாரமாக இருமல் என்பார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது, தொலைக்காட்சியிலும் சொல்கிறார்கள். மூன்று வாரமும் இவர் ஒன்றரை ஷிப்ட் போட்டாரா? நடுவில் ஆர்டர் இல்லாத நாளே இல்லையா? கல்யாணத்துக்கும் கோவில் நோன்புக்கும் லீவு கிடைக்கிறது, உடம்புக்கு மட்டும் கிடைக்க மாட்டேன் என்கிறது. கம்பெனி மேல் மட்டும் பழி போட்டால் இந்தப் பழக்கம் மாறாது அம்மா.

பனியன்காரன்:
டாக்டர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் சின்ன ஜாப் ஒர்க் யூனிட், அதாவது எக்ஸ்போர்ட்டருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட் வைத்திருப்பவன். ஷிப்மென்ட் தேதி தவறினால் எக்ஸ்போர்ட்டர் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவை எங்கள் தலையில்தான் கட்டுவார். அந்த ஆர்டரில் இருக்கிற லாபமும் போய் கைக்காசும் போகும். முந்தின நாளே "நாளைக்கு ஆஸ்பத்திரி போறனுங்க" என்று சொன்னால் யாரையும் தடுத்ததில்லை. எட்டு நாற்பதுக்கு போன் பண்ணி "இன்னிக்கு வரலீங்" என்றால் நான் என்ன செய்வேன்?

அப்புறம் இ.எஸ்.ஐ., தொழிலாளர் மருத்துவக் காப்பீடு. மாதம் 14,000 வாங்குகிறவருக்கு என் பங்கு 3.25 சதவீதம், அதாவது 455 ரூபாய். அவர் பங்கு 0.75, வெறும் 105 ரூபாய். இவ்வளவு கட்டியும் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ராத்திரி ஒன்பதுக்கு மெடிக்கலில் போய் மாத்திரை வாங்கி முழுங்குகிறார்கள்.

சிவப்புத்துண்டு:
இ.எஸ்.ஐ. பேச்சை எடுத்ததற்கு நன்றி முதலாளி. அதையே பிரித்துப் பார்ப்போம்.

வைத்திய வசதி வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு, சரி. ஆனால் உடம்பு முடியாமல் போன நாட்களுக்குக் கூலி வேண்டுமென்றால் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று பிரித்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள் சந்தா விழுந்திருக்க வேண்டும். கிடைப்பதும் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. எல்லாவற்றுக்கும் மேல், முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முந்தைய நோய்க்கு பணம் வாங்கி 15 நாளுக்குள் மறுபடி படுத்தால்தான் அந்த இரண்டு நாள் கழிவு இல்லை.

இந்த விதிப்படி ஒரு வாரம் படுத்தால் ஏதோ கிடைக்கும். பிரஷர் மாத்திரைக்காக மாதம் ஒரு அரை நாள் போனால் ஒரு பைசா கிடையாது. நோய் முற்றிப் படுத்தவனுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. முற்றாமல் பார்த்துக்கொள்ளப் போகிறவனுக்கு இல்லை. டாக்டர் சார், உங்கள் மூன்று வார இருமல்காரர் ஏன் முதல் வாரமே வரவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த 78 நாளாவது ஒழுங்காக விழுகிறதா? இந்த மாதம் ஒரு காண்ட்ராக்டர், அடுத்த மாதம் அதே மிஷினில் வேறு காண்ட்ராக்டர். பாதிப் பேருக்குத் தன் இ.எஸ்.ஐ. எண்ணே தெரியாது. உங்கள் யூனிட்டில் எத்தனை பேர் உங்கள் ரோலில், அதாவது உங்கள் சம்பளப் பதிவேட்டில் இருக்கிறார்கள் முதலாளி?

பனியன்காரன்:
என் ரோலில் இருப்பவர்களுக்குக் கட்டுகிறேன். பீஸ் ரேட் காண்ட்ராக்ட் ஆட்களை காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்.

சிவப்புத்துண்டு:
அதைத்தான் நானும் சொன்னேன்.

மெடிக்கல் தம்பி:
ராத்திரி ஒன்பது மணி மெடிக்கல் என்றீர்களே, அந்தக் கவுண்டரில் நிற்பவன் நான். பனியன் கம்பெனிகள் விட்டதும் அரை மணி நேரம் நிற்க இடமிருக்காது. "ரெண்டு வேளைக்கு ஒரு செட் குடு தம்பி, உடம்பெல்லாம் வலி" என்பார்கள். செட் என்றால் சின்னக் காகிதக் கவரில் ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு வலி மாத்திரை, ஒரு வாயு மாத்திரை, கூடவே சில கடைகளில் பொடிசாக ஒரு மாத்திரை. அட்டையில்லாமல் வெட்டிப் போடுவதால் பெயர் தெரியாது. காலையில் ஆள் கல்லு மாதிரி எழுந்து வேலைக்குப் போவார். அதனால் மறுபடியும் அதே கடைக்கு வருவார். நான் அந்தப் பொடிசைப் போடுவதில்லை. போடாத கடைக்கு வியாபாரம் கொஞ்சம் கம்மிதான்.

மாலை ஓபி:
அந்தப் பொடிசு பெரும்பாலும் டெக்ஸாமெதாசோன், அதாவது ஸ்டீராய்டு. வலி, காய்ச்சல், அசதி எல்லாவற்றையும் அமுக்கிவிடும், நோயைத் தொடாது. தொடர்ந்து போட்டால் சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு தேயும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைத் தினமும் போடுவது கிட்னிக்கு ஆகாது, அதுவும் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போக யோசித்துக்கொண்டு உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு.

சிவப்புத்துண்டு சொன்ன இரண்டு நாள் கழிவு நியாயமான புள்ளிதான். ஆனால் நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை, வாரநாளில் ஒரு மணி நேரம் கூடவா கிடைக்காது என்றுதான் கேட்கிறேன்.

ஓவர்லாக் செல்வி:
ஒரு மணி நேரக் காரியமா டாக்டர் இது? சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் ஒரு ரத்தம். அப்புறம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். அதற்குள் பதினொன்றரை. ரிசல்ட் வாங்கி டாக்டரைப் பார்க்க வரிசை. பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள், சாயங்காலம் வா என்பார்கள். ஒரு முழு ஷிப்ட் போச்சு. சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரிக்கும்போதுதான் இலவச ரத்தப் பரிசோதனையின் விலை தெரியும்.

மாலை ஓபி:
அதற்குத்தான் எச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை இருக்கிறது. சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை, எந்த நேரத்திலும் எடுக்கலாம், சுமார் மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். எல்லா மையத்திலும் எல்லா நாளும் கிடைக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ரத்தசோகை இருக்கிற பெண்களுக்கு அந்த எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. உங்கள் லைனில் ரத்தசோகை இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

நைட்ஷிப்ட் நாகு:
ஸ்பின்னிங் மில்லில் நைட் பார்க்கிறேன். செல்வி அக்கா கொஞ்சம் மிகைப்படுத்துகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நேராகவே மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன், பிரஷர் சீட்டைக் காட்டினேன், விட்டார்கள். கேட்காமலே "தர மாட்டான்" என்று முடிவு கட்டுவது நம்ம ஆட்களிடம் இருக்கிற கெட்ட பழக்கம். நைட் ஷிப்ட்காரனுக்குக் காலை ஓபி வசதிதான், தூக்கம்தான் போகும். வெறும் வயிறு என்றால் எது என்பதில் மட்டும் எனக்கு இன்னும் குழப்பம். விடியற்காலை மூன்று மணிக்குக் கேண்டீனில் டீயும் பன்னும் தின்றுவிட்டு எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்தால்?

மாலை ஓபி:
குறைந்தது எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம்.

ஓவர்லாக் செல்வி:
நாகு தம்பி, நீங்கள் அந்த மில்லில் பர்மனென்ட். ஊர்க்காரர். மேஸ்திரி உங்கள் தெருவிலேயே இருந்தாலும் இருப்பார். எங்கள் பக்கத்து ஹாஸ்டலில் ஒடிசாப் பெண்கள் இருக்கிறார்கள். வெளியே போக வேண்டும் என்றால் வார்டன் கூட வர வேண்டும். வார்டனுக்கு நேரம் கிடைக்கிற நாளில்தான் அவர்களுக்குக் காய்ச்சல் வரலாம். டாக்டரிடம் போனாலும் வயிற்றில் எங்கே வலிக்கிறது என்று வார்டன்தான் தமிழில் சொல்வார். மாதவிடாய்ப் பிரச்சினையை அந்த அம்மா முன்னால் எந்தப் பெண் சொல்வாள்? கேட்டால் கிடைக்கும் என்பது கேட்க முடிகிறவர்களுக்கு.

பெட்டி வண்டி:
சென்னையில் உணவு டெலிவரி. உங்களுக்காவது கேட்க ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார். எனக்கு லீவே தேவையில்லை, ஆப்பை ஆஃப் பண்ணினால் போதும், அன்றைய இன்சென்டிவ் போய்விடும். இ.எஸ்.ஐ. இல்லை. எங்களைப் போல ஆப் வழியாக வேலை செய்பவர்களுக்குக் கிக் தொழிலாளர் நல வாரியம் என்று 2023 கடைசியில் அரசு அமைத்தது, அதில் பதிந்து வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

கணினி கந்தன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மத்திய அரசின் ஈசஞ்சீவனியில் 2020 முதல் வீடியோவில் டாக்டரை இலவசமாகப் பார்க்கலாமே. லஞ்ச் பிரேக்கில் முடிந்துவிடுகிற வேலை. தவிர மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. டெக்னாலஜியைப் பயன்படுத்தாமல் ஏன் இவ்வளவு புலம்பல்?

ஓவர்லாக் செல்வி:
போனைக் காலையில் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் சார். வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்கா பகலில்தான் வருவார், பகலில் எங்கள் லைன் வீடு பூராவும் பூட்டிக் கிடக்கும். பாவம், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போவார். பிரஷர் பார்க்காமலே மாத்திரை மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

சிவப்புத்துண்டு:
கம்பெனிக்குள்ளேயே வந்து பரிசோதிக்கிற திட்டமும் இருக்கிறது, தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று பெயர். பெரிய கம்பெனிகளில் நடக்கிறது. ஜாப் ஒர்க் சந்துகளுக்குள் எப்போது வரும்?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மையத்தை ராத்திரி பத்து வரை திறந்து வையுங்கள் என்று கேட்பதற்கு நான் எதிரி. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள், எல்லாரும் எதிர்த்ததும் மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். சட்டம் போனது, பன்னிரண்டு மணி நேரம் போகவில்லை. ஆஸ்பத்திரி நேரத்தை அதற்கேற்ப நீட்டிக்கொண்டே போனால் ஒன்றரை ஷிப்டுக்கு அரசாங்கமே முத்திரை குத்தினதாக ஆகும். எட்டு மணி நேர வேலை என்றால் ஐந்தரைக்கு வெளியே வந்துவிடலாம். அப்போது டாக்டரின் மாலை ஓபி தாராளமாகப் போதும்.

மாலை ஓபி:
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன், ஆனால் என் காரணம் வேறு. பத்து மணி வரை திறந்தால் யார் உட்காருவது? எங்கள் நர்ஸும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார். அவருக்கும் வீட்டில் குழந்தை, அவருக்கும் கடைசி பஸ். உங்கள் நேரத்துக்காக அவரை நிற்க வைப்பது எந்த ஊர் நியாயம்?

ஓவர்லாக் செல்வி:
எட்டு மணி நேரம் மட்டும் வேலை செய்தால் எங்கள் வீட்டு வாடகையை யார் கொடுப்பார் தோழர்? ஒன்றரை ஷிப்ட் கேட்டு வாங்கிப் போடுகிறவர்களும் நாங்கள்தான். ஒரு ஷிப்ட் கூலி குடும்பத்துக்குப் பற்றினால் யார் எட்டரை வரை உட்காருவார்? நீங்கள் சொல்வது வரும்போது வரட்டும். இந்த மாதம் எனக்கு என்ன வழி?

பனியன்காரன்:
சரி, நான் ஒன்று சொல்கிறேன், உடனே பாயாதீர்கள். மாதத்தில் ஒரு நாள், யார் எந்த நாள் என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு விடுகிறேன். ஒன்றரை ஷிப்ட் கூலி வெட்டாமல். ஒரே லைனில் ஒரு நாளைக்கு ஒருவர்தான். மறுநாள் அதே மிஷின். என் யூனிட்டில் இதை என்னால் தாங்க முடியும். பெரிய கம்பெனிக்காரனுக்கு இது கால் தூசு.

சிவப்புத்துண்டு:
காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் சேர்த்தா?

பனியன்காரன்:
காண்ட்ராக்டரிடம் பேசிப் பார்க்கிறேன்.

ஓவர்லாக் செல்வி:
பேசுவது இருக்கட்டுங்க. அதை ஒரு காகிதத்தில் எழுதி, பஞ்சிங் மிஷின் பக்கத்தில் ஒட்டுவீர்களா?

பனியன்காரன்:
எழுதி ஒட்டினால் பக்கத்து யூனிட் ஆட்களும் அவர்கள் ஓனரிடம் கேட்பார்கள். முதலாளிகள் சங்கத்தில் என்னைத்தான் திட்டுவார்கள்.

ஓவர்லாக் செல்வி:
கேட்கட்டுமே.

பனியன்காரன்:
தீபாவளி ஆர்டர் முடியட்டும், பார்க்கலாம்.

ஓவர்லாக் செல்வி:
தீபாவளி வரைக்கும்தான் தினம் எட்டரைங்க. அப்புறம் ஆர்டர் இருக்காது, நீங்கள் விடாமலே நாங்கள் ஆஸ்பத்திரி போய்க்கொள்வோம்.